ஓரத்து இரண்டு செடிகள்

அந்தப் படத்தில் அவள் தலையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். வட்டம் போட்டவருக்குக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை போலும். அழகாக, முழுசாக இருந்தது. கீழே எழுதியிருந்தது: “நம்ம கெபுன் திருடி. ஆளைத் தெரிந்தவர்கள் உடனே கமிட்டியிடம் சொல்லவும்.”

வியாழக்கிழமை காலை, அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்சப் குழுவில் அது வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவள் கையில் ஒரு பிடி பயற்றங்காய். பத்து, பன்னிரண்டு இருக்கும். அவ்வளவுதான். அதற்குத்தான் அந்த வட்டம்.

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. நான் அதிகம் படித்தவள் இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சமெல்லாம் கோயிலிலும் தொழிற்சாலையிலும் கற்றது. கோபம் பாவம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் இந்தக் கோபத்தை நான் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. வேறு ஒன்றைச் சொன்னேன். அது என்ன என்பதும் இதில் வரும்.

எங்கள் அடுக்குமாடி ஜெலுத்தோங் பக்கம் இருக்கிறது. ஐந்து மாடி, லிப்ட் கிடையாது. பின்பக்கம், கால்வாய்க்கும் சாலைக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம். முன்பெல்லாம் பழைய மெத்தை, உடைந்த சோபா, ஓடாத மோட்டார் சைக்கிள் எல்லாம் அங்கேதான் வந்து விழும். இரண்டாம் மாடியில் ஒரு குடும்பமே டெங்கியில் படுத்த பிறகு, யாரையும் எதிர்பார்க்காமல் நாங்களே இறங்கிச் சுத்தம் செய்து, காய்கறிப் பாத்தி போட்டோம். பதினெட்டு வீடுகள் சேர்ந்தன. தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் இருந்தோம். தோட்டம் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு ரப்பர் தோட்டம்தான் ஞாபகம் வரும் என்பதால், மலாய்ச் சொல்லையே எடுத்துக் கெபுன் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

மழை மாதங்களில் கங்கோங் கீரையும் மற்றக் கீரைகளும். மழை நின்று வறண்ட காற்று அடிக்கிற தை, மாசியில் பயற்றங்காய், வெண்டை, கத்தரி, பரங்கி. வெயில் உச்சத்துக்கு வந்ததும் மரவள்ளி தோண்டுவோம். பாத்தி அவரவர் பொறுப்பு. பறிப்பது மட்டும் எல்லாரும் சேர்ந்துதான். சனிக்கிழமை காலை ஏழரைக்கு எல்லாரும் இறங்கிவிடுவோம். பறித்ததையெல்லாம் பேட்மிண்டன் ஆடுகிற சிமெண்ட் தரையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பதினெட்டுப் பங்காக வைப்போம். 

பங்கு பிரிப்பதில் முதல் வருஷம் பெரிய சண்டை வந்தது. இவருக்குக் குண்டுக் கத்தரி, எனக்குச் சூத்தையா என்று இரண்டு பெண்கள் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒருவர் பங்குகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இன்னொருவர் ஏதாவது ஒரு பங்கைத் தொட்டு “சியாப்பா?” என்று கேட்பார். மலாயில் யாருக்கு என்று அர்த்தம். சுவரைப் பார்த்து நிற்பவர் ஒரு வீட்டு எண்ணைச் சொல்வார். “மூணு ஒன்பது.” அந்தப் பங்கு மூன்றாம் மாடி ஒன்பதாம் வீட்டுக்கு. அவ்வளவுதான், பேச்சுக்கு இடமில்லை. தொட்டுக் கேட்பது எப்போதும் முதல் மாடி மலாய் அக்காதான். காக் என்று எல்லாரும் கூப்பிடுவோம். சுவரைப் பார்த்து நிற்கிற முறை மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதற்கு நான்தான் காரணம். ஒரு ஞாயிறு பூசையில் ஃபாதர் பிரசங்கம் வைத்தார். அந்தக் காலத்தில் வயல் அறுக்கிறவர்கள் ஓரம்வரை அறுக்கக்கூடாதாம். ஓரத்தில் விளைந்தது இல்லாதவருக்கும் வழியில் போகிறவருக்கும் என்று ஆண்டவரே கட்டளை போட்டிருக்கிறாராம். எனக்கு அது நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை காக்கிடம் சொன்னேன். அவர், தங்கள் மார்க்கத்திலும் நாம் நட்டதை மனிதன் தின்றாலும் பறவை தின்றாலும் தர்மம்தான் என்றார். ஐந்தாம் மாடிச் சீன ஆண்டி, “ஓக்கேலா, நாம விடாட்டியும் ரோட்டுல போறவன் பறிச்சிக்கிட்டுத்தான் போறான்” என்று சிரித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாத்தியிலும் சாலைப்பக்கத்துக் கடைசி இரண்டு செடிகளை நாங்கள் தொடுவதில்லை. யார் பறிக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதும் இல்லை. எழுதி வைக்கவில்லை. பலகை மாட்டவில்லை. பலகை மாட்டினால் அது பிச்சை ஆகிவிடும் என்று நான்தான் சொன்னேன். அப்போது அது எனக்குப் பெரிய புத்தியாகத் தோன்றியது.

படத்தில் இருந்தவள் எங்கள் புளோக் இல்லை, எதிர்ப்புளோக். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நானும் அவளும் ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள். நான் ஓய்வு பெறுகிற வருஷம் அவள் புதிதாகச் சேர்ந்த பெண். என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, நான் செபமாலை சொல்லி முடிக்கிறவரை பேசாமல் காத்திருப்பாள். முடித்ததும், “சாமிகிட்ட பேசியாச்சா? இப்ப எங்கிட்ட பேசுங்க” என்பாள். நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒரு நாளும் வேலைக்கு வந்ததில்லை.

போன வருஷக் கடைசியில் அவள் வேலை போனது. அதற்கு ஒரு மாதம் கழித்து, பிறை என்ற ஊரில் லாரியில் சாமான் ஏற்றுகிற அவள் வீட்டுக்காரருக்குக் கால் உடைந்தது. கேள்விப்பட்டதும் ஒரு பை நிறையக் காய்கறி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் நிற்கிறாள். கையில் ஒரு டப்பா நிறைய உளுந்து வடை. நான் கொடுத்த காயை விட அந்த உளுந்துக்கும் எண்ணெய்க்கும்தான் அவளுக்கு அதிகம் செலவாகியிருக்கும். அப்போதே புரிந்துவிட்டது. நான் கொடுக்கக் கொடுக்க இவள் வீட்டுக் கஷ்டம் கூடும்.

அதனால்தான் ஓரத்தைப் பற்றிச் சொன்னேன். “தங்கச்சி, கெபுன்ல ரோட்டுப் பக்கம் கடைசி ரெண்டு செடி இருக்குல்ல, அது எங்களுது இல்ல. யாருதும் இல்ல. வேணும்னா பறிச்சிக்க. யார்கிட்டயும் கேக்க வேண்டாம், எனக்கும் சொல்ல வேண்டாம்.”

“அது எப்படிக்கா யாருதும் இல்லாம இருக்கும்?”

“சாமியுதுன்னு வச்சிக்கயேன்.”

“உங்க சாமியா, எங்க சாமியா?”

“பயத்தங்காய்க்கு அது தெரியாது. நீ பறி.”

சிரித்தாள். பறித்தாளா என்று நான் பார்க்கவில்லை. விடிகாலையில் வந்து போயிருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் ஓரத்துச் செடியில் முற்றல் தொங்காமல் இருந்தது. அதைப் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் கமிட்டித் தலைவர் நாற்பது வயதுத் தமிழர். குடிவந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர்த் தொட்டியை மாற்ற ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் அவர்தான். இந்த வருஷம் சீனப் பெருநாள், எங்கள் சாம்பல் புதன், மலாய்க்காரர்களின் நோன்பு எல்லாம் ஒரே வாரத்தில் வந்தன. அதற்குக் கொஞ்சம் முன்னால் கெபுனில் இரண்டு பெரிய பரங்கிக்காயும் தண்ணீர்க் குழாய் ஒரு சுருளும் காணாமல் போயின. பரங்கிக்காய் ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். வண்டியில் வந்தவன்தான் எடுத்திருக்க வேண்டும். தலைவர் கொதித்துப்போய் விளக்குக் கம்பத்தில் ஒரு கேமரா மாட்டினார். அவர் ஏணியில் நின்று திருகிக்கொண்டிருக்கும்போது நான் கீழே நின்று, “பாத்து தம்பி, விழுந்துராதீங்க” என்றேன். அந்தக் கண்ணாடிக் கண் ஓரத்துச் செடிகளையும் பார்க்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

பத்து நாளில் அது பிடித்துக் கொடுத்தது பரங்கிக்காய் எடுத்தவனை அல்ல. இவளைத்தான்.

எந்தச் செடியில் பறித்தாள் என்று படத்தில் தெரியாது. அதற்குக் கீழே வந்ததைப் பாருங்கள். “விடியுறதுக்குள்ள வந்து நிக்கிறா, என்ன தைரியம்.” “நம்ம ஆளுங்களே இப்படித்தான், வெளிய தலை காட்ட முடியல.” மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி, தினமும் காலையில் பக்திப் படம் போடுகிறவள், “எதிர்ப்புளோக் மாதிரி இருக்கு, நான் எல்லா குரூப்புக்கும் அனுப்பிட்டேன்” என்று போட்டு, பக்கத்தில் கும்பிடுகிற கையும் போட்டிருந்தாள். கும்பிடுகிற கை! 

என் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். காலைச் சவாரி முடித்து வந்தவரிடம் போனைக் காட்டினேன். பார்த்தார்.

“நீதானே பறிக்கச் சொன்ன?”

“ஆமா.”

“அப்ப போடு. நான்தான் சொன்னேன்னு போடு.”

“போட்டா, ஏன் சொன்னேன்னு கேப்பாங்க. அவ வீட்டுல கஷ்டம்னு சொல்லணும். அது ஊருக்கே தெரிஞ்சிரும். அவ வடை சுட்டுக் கொண்டாந்த பொம்பள. அத தாங்க மாட்டா.”

அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். நான் போனை அரிசிப் பானைமேல் கவிழ்த்து வைத்தேன். கொடுப்பதை ரகசியமாகக் கொடுக்க வேண்டும், வெளியே சொன்னால் புண்ணியம் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு பிரசங்கம் வைத்துக்கொண்டேன். வியாழன் முழுக்க வாயைத் திறக்கவில்லை. படம் புளோக்கிலிருந்து புளோக்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேனை நிறுத்திவிட்டு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“அவ மக நம்ம வேன்லதான் வருது, தெரியும்ல? இன்னைக்கு முன் சீட்டுல ரெண்டு பொண்ணுங்க அந்தப் படத்த வச்சிக்கிட்டு சிரிக்குதுங்க. ‘உன் பையில என்ன பயத்தங்காயா’ன்னு கேக்குதுங்க. வேன ஓரமா நிப்பாட்டி நல்லா ஏசிட்டேன். அந்தப் புள்ள எறங்குற வரைக்கும் தலைய தூக்கல.” பிறகு என்னைப் பார்த்து, “உன் ரகசியம் நல்லாத்தான் வேலை செய்யிது” என்றார்.

அன்று சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை, ஆண்டவர் சிலுவை சுமந்து போனதைப் பதினான்கு நிலைகளாக நினைத்துச் செபிப்பது. ஒவ்வொரு நிலையிலும் மண்டியிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தோம். ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஆண்டவர் முகத்தைத் துடைக்கிற நிலை வந்தது. சின்ன வயதிலிருந்து நூறு தடவைக்கு மேல் அந்த நிலைக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறேன். அன்று முட்டி மடங்கவில்லை. கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் நல்லவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கும் என்னைப் போல ஏதாவது நியாயம் இருந்திருக்கும். பின்னால் நின்ற அம்மா, “முட்டி வலியா?” என்று காதருகில் கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. பட்டியல்படி சுவரைப் பார்த்து நிற்கிற முறை என்னுடையது.

எல்லாரும் பறித்து முடித்தோம். அன்று நல்ல விளைச்சல். வெண்டை பிஞ்சாக, முனை சொடுக்கினால் ஒடிகிற பதம். கத்தரி பளபளவென்று இருந்தது. பறிக்கும்போதே பேச்சு அதைப் பற்றித்தான். ஆள் யார் என்று தெரிந்துவிட்டதாம். தொழிற்சாலையில் இருந்தவளாம். அங்கே என்னென்ன எடுத்தாளோ என்று மூன்றாம் மாடிக்காரி சிரித்தாள். ஓரத்துச் செடிகளில் முற்றல் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

சுவரைப் பார்த்து நின்றேன். காக் முதல் பங்கைத் தொட்டார்.

“சியாப்பா?”

“படத்துல இருக்கிறவளுக்கு” என்றேன். எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில்தான் சொன்னேன்.

பின்னால் ஒருவர் சிரித்தார். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்திருப்பார். காக் கொஞ்சம் தயங்கி, அடுத்த பங்கைத் தொட்டார்.

“சியாப்பா?”

“படத்துல இருக்கிறவளுக்கு.”

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. சிரிப்பு நின்றுவிட்டது. காக் மட்டும் நிறுத்தவில்லை. நோன்பு வாயோடு, குரலை மாற்றாமல், ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். இன்றுவரை அதற்காக நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ, தலைவருக்குப் பொறுக்கவில்லை.

“என்னங்கக்கா இது? காலங்காத்தால எல்லாரும் வெயில்ல நிக்கிறோம்.”

திரும்பினேன். “வட்டம் போட்டது யாரு தம்பி?”

“நான்தான். ஏன்? திருடுனத சும்மா விடணுமா?”

“அவ எங்க பறிச்சா? சொல்லுங்க, எந்தச் செடி?”

“ரோட்டோரம். விதைக்கு விட்டு வச்சிருக்கீங்களே, அதுல.”

“விதைக்கா? யாரு சொன்னா விதைக்குன்னு?”

“யாரும் சொல்லல. நீங்க யாருமே அத பறிக்க மாட்டீங்க. அப்ப விதைக்குத்தானே? நான் வேற என்ன நெனைக்க?”

காக்தான் சொன்னார், அது வழியில் போகிறவருக்கு, கெபுன் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் என்று. சீன ஆண்டியும் ஆமாம் என்று தலையாட்டினார். தலைவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இத்தன பேருக்குத் தெரியும். எங்கிட்ட ஒருத்தர்கூட சொல்லலயே? கேமரா மாட்டும்போது கீழ நின்னுக்கிட்டு விழுந்துராதேன்னு சொன்னீங்களே, அப்ப இதையும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா?”

சொல்லியிருக்கலாம். அதில் அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் கேட்கிறவர் ஒரு பெண்ணின் தலையில் வட்டம் போடுகிறதற்கு முன்னால் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம் அல்லவா? அவரிடம் அப்படித்தான் கத்தினேன். “பன்னெண்டு பயத்தங்காய்! ஒரு தட்டுக் கறிக்குக்கூட காணாது. அதுக்கு ஒரு பொம்பளய ஊரு பூரா கேவலப்படுத்திட்டீங்களே! பரங்கிக்கா எடுத்தவன எங்க? அவனுக்குப் போட்டீங்களா வட்டம்?” என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எட்டாண்டுகளாக அந்தத் தரையில் நான் அப்படிப் பேசியதில்லை. கடைசியாக, “நான்தான் அவள பறிக்கச் சொன்னேன். போடுறதுன்னா எனக்குப் போடு வட்டத்த” என்றேன்.

தலைவரின் முகம் இறங்கிவிட்டது. உடனே போனை எடுத்தார். படத்தை நீக்கினார். பிறகு, “சரிக்கா, மன்னிப்புக் கேட்டுப் போட்டுடுறேன். ‘அந்தக் குடும்பம் ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறது, அதனால்தான் எடுத்தார்கள், மன்னிக்கவும்’, இது சரியா?” என்று படித்துக் காட்டினார்.

“ஐயோ தம்பி, அத போடாதீங்க! இதுக்கு அந்த வட்டமே தேவல.”

“அப்ப என்னதான் போட? நீங்களே சொல்லுங்க.”

நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். ஓரத்து இரண்டு செடிகள் யாருக்கும் சொந்தமில்லை, அதில் பறிப்பது திருட்டு இல்லை, படம் போட்டது கமிட்டியின் தவறு. மூன்றே வரி. மலாயிலும் போட்டார். மூன்றாம் மாடிக்காரி அதற்கும் கும்பிடுகிற கையைப் போட்டாள். எல்லா குரூப்புக்கும் அனுப்பியவள் இதை ஒரு குரூப்புக்கும் அனுப்பவில்லை. கேட்டால், போனில் டேட்டா இல்லையாம்.

அங்கிருந்து நேரே எதிர்ப்புளோக்குக்குப் போனேன். அவள் வீட்டுக் கிரில் பூட்டியிருந்தது. கூப்பிட்டதும் வந்தாள், திறக்கவில்லை.

“தங்கச்சி, படத்த எடுத்துட்டாங்க.”

“எங்கருந்து எடுத்தாங்க? என் மவகூட படிக்கிறதுங்க போன்ல இருக்கே, அதையுமா?”

“தலைவர்கிட்ட சண்ட போட்டேன். நான்தான் பறிக்கச் சொன்னேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்.”

“எப்ப சொன்னீங்க?”

“இப்பதான். காலைல.”

“படத்த எப்ப பாத்தீங்க?”

வியாழக்கிழமை என்றேன். அவள் கிரில் கம்பியில் விரலை வைத்து எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கம்பி.

“நான் வாயத் தொறந்தா உன் வீட்டுக் கஷ்டம் வெளிய தெரிஞ்சிரும்னுதான்…”

“கஷ்டம் தெரிஞ்சா தெரியட்டும். அவருக்குக் கால் உடைஞ்சிருக்கு, எனக்கு வேல இல்ல. இதுல வெக்கப்பட என்னக்கா இருக்கு? திருடின்னாங்களே, அது வெக்கம். நான் திருடலன்னு தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல ஒரே ஒருத்தர்தான். அவரும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டாரு.”

உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர், “யாரு வந்திருக்கா?” என்று கேட்டார்.

“யாரும் இல்ல” என்றாள் அவள்.

நான் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது இந்த மூன்று நாளைத்தான். ஃபாதர் செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஆனால் அந்த இரண்டு வார்த்தை மட்டும் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

இனி அவள் என் முகத்திலேயே விழிக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். நாலு நாள் கழித்து அவளே வந்து என் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “ஓரம் எனக்கு வேண்டாம்க்கா. ஒரு பாத்தி வேணும். நானும் சனிக்கிழம வந்து வேல செய்றேன்” என்றாள்.

கமிட்டி கூடியது. அவளும் வந்து பின்னால் நின்றாள். எதிர்ப்புளோக் ஆளுக்குப் பாத்தி கொடுக்க விதியில் இடமில்லை என்றார்கள். இன்று ஒருத்தருக்குக் கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள் என்றார்கள். பத்துப் பேர் வந்தால் என்ன, பத்துப் பேர் களை பிடுங்குவார்கள் என்றேன். என் பாத்தியில் பாதியைக் கொடுக்கிறேன், அதற்கு எந்த விதி தடை என்று கேட்டேன். தலைவர்தான் முதலில் சரி என்றார். அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாம் மாடிக்காரி மட்டும், “குடுக்கிறதுதான் குடுக்கிறீங்க, கேமராவுக்கு நேரா இருக்கிற பாதியக் குடுங்க” என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது. “அதையே குடுங்கக்கா. வெயில் நல்லா விழுது அங்க.”

கீரை விதைத்தாள். தினமும் காலையில், நன்றாக விடிந்த பிறகு வந்து தண்ணீர் ஊற்றினாள். சனிக்கிழமைகளில் எங்களோடு மண் கிளறினாள், பேசினால் பேசினாள். என்னிடம் மட்டும் பழையபடி கேலி பேச்சு இல்லை. “மண்வெட்டி குடுங்க”, “இந்தாங்க”, அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

பெரிய சனிக்கிழமை, பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முதல் நாள், அவள் கீரை பறிக்கிற பதத்துக்கு வந்தது. மற்ற பாத்திகளில் பயற்றங்காய் ஓய்ந்து, மரவள்ளி தோண்ட ஆரம்பித்திருந்தோம். அவள் வரிசையாகக் கீரையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். சாலைப்பக்கம் வந்ததும் நிறுத்தினாள். கடைசியில் இரண்டு கைப்பிடி அளவு பிடுங்காமல் விட்டுவிட்டு எழுந்தாள். நெற்றியில் வழிந்த முடியை ஒதுக்கிக்கொண்டு விளக்குக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“தம்பி, மூஞ்சி நல்லா தெரியுதான்னு பாத்துக்குங்க” என்றாள் சத்தமாக.

தலைவர் மரவள்ளி வேரில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டத் தட்ட மண் உதிர்ந்தது, தலை நிமிரவில்லை. மூன்றாம் மாடிக்காரி அன்று வரவில்லை. இதுவரை மன்னிப்பு என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. அந்தப் படம் இன்னும் எத்தனை பேர் போனில் கிடக்கிறதோ. அதை நினைத்தால் பூசையில்கூட என் மனசு ஒரு நிலையில் நிற்பதில்லை.

தரையில் பத்தொன்பது செய்தித்தாள் விரித்தோம். சீன ஆண்டி சுவரைப் பார்த்து நின்றார். காக் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். நாலு பன்னிரண்டு. ரெண்டு அஞ்சு. ஒண்ணு மூணு. பாதிக்கு மேல் போன பிறகு ஒரு பங்கைத் தொட்டார்.

“சியாப்பா?”

“எதிர்ப்புளோக், மூணு ஏழு.”

சத்தமாக அந்த எண்ணைக் கேட்பது எல்லாருக்கும் முதல் தடவை. அவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

“அது நாங்கதான்” என்று சொல்லி, குனிந்து தன் பங்கை எடுத்துக்கொண்டாள்.